மணிக்கட்டில் ஒட்டிய சீட்டு

டேப் அக்காவைத் தெரியாதவர்கள் பெட்டி கட்டி அனுப்பும் அந்தக் கிடங்கில் கிடையாது. வயது நாற்பத்தாறு. மற்றவர்கள் வளையல் போடும் இடத்தில், இடது மணிக்கட்டில், அவள் ஒரு டேப் சுருளை மாட்டியிருப்பாள். மற்றவர்கள் டேப்பைத் தேடி, அதன் நுனியைத் தேடி, நகத்தால் சுரண்டி, கிடைக்காமல் அலுத்து ஒரு பெட்டியை மூடுவதற்குள் அக்கா இரண்டு பெட்டிகளை மூடித் தள்ளியிருப்பாள். அவள் சுருளின் நுனி எப்போதும் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பட்டம்தான் டேப் அக்கா. அதே சாமர்த்தியம்தான் பின்னால் அவள் காலை வாரிவிட்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

கிடங்குக்கு வருவதற்கு முன்னால் பதினாறு வருஷம் அவள் ஒரு செருப்புக் கடையில் இருந்தாள். ஆளைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்தே அளவு சொல்வாள். கடைசி இரண்டு வருஷங்களில் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை, வியாபாரம்தான் இல்லை. ஜனங்கள் வருவார்கள், பத்து ஜோடி எடுக்கச் சொல்வார்கள், போட்டு நடந்து பார்ப்பார்கள், பெட்டியின் மேலிருக்கும் எண்ணைப் போனில் படம் பிடித்துக்கொள்வார்கள், "வீட்டுல கேட்டுட்டு வரோம்" என்று போய்விடுவார்கள். வீட்டில் கேட்டது யாரை என்று எல்லோருக்கும் தெரியும். போனைத்தான். "நாம செருப்புக் கடை இல்லே, காலுக்கு அளவு பாத்து அனுப்புற ஆபீஸ்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். முதலாளி சிரித்ததில்லை. ஒருநாள் அவர் கடையை மூடிவிட்டார். மூன்றாவது வாரம் அக்கா நேராக அந்தப் போனுக்குப் பின்னால் இருந்த கிடங்கின் வாசலில் போய் வேலை கேட்டு நின்றாள். ரோஷம் பார்த்தால் ஆகுமா? வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

விடுமுறைக் காலம் நெருங்க நெருங்க அந்தக் கிடங்குக்குப் பைத்தியம் பிடிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பரிசு கட்டுவதற்கென்று ஒரே ஒரு மேஜை இருந்ததாம். இந்த வருஷம் நான்கு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு மேஜை. அதுவும் போதாமல் வெளியே கூடாரம் போட்டார்கள். ஊரில் ஒருவரும் கடைக்குப் போவதில்லை போலிருக்கிறது. அடுத்த தெருவில் இருக்கும் அத்தைக்கு ஒரு போர்வை கொடுக்க வேண்டுமென்றாலும் அது இந்தக் கிடங்கிலிருந்து கிளம்பி, லாரி ஏறி, ஊரைச் சுற்றிவிட்டு அத்தை வீட்டுக்குப் போகிறது. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு பெரிய கட்டடம் தேவைப்படும் என்று யார் நினைத்தார்கள்?

அங்கே ஆட்கள் இரண்டு ஜாதி. நிரந்தர ஆட்களுக்குப் பச்சைக் கோட்டு. சீசனுக்கு மட்டும் எடுத்தவர்களுக்கு மஞ்சள் கோட்டு. மஞ்சள் அறுபது பேர். சீசன் முடிந்ததும் அவர்களில் மூன்று பேருக்குப் பச்சை கிடைக்கும், மற்றவர்கள் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். பச்சைக் கோட்டுக்காரர்களின் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். அக்காவின் கண் அந்த ஒன்றின் மேல்தான். அவள் கணவர் வயர்மேன். போன வருஷம் இதே சீசனில் ஒரு கடை வாசலில் சரவிளக்கு மாட்டும்போது ஏணியோடு விழுந்தார். முழங்காலில் ஒரு ஆபரேஷன் ஆயிற்று. இன்னொன்று செய்தால் பிடிமானம் இல்லாமல் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செய்யாவிட்டால் இப்படியேதான்.

இப்படியே என்றால், சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, கதவைப் பிடித்து. ஒரு கைத்தடி வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. "அதை வாங்கிட்டா, நான் நொண்டின்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. ஆபரேஷன் பண்ணிட்டு ஓடப்போறேன், பாரு" என்பார். வீட்டில் உட்கார்ந்தபடி அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, போனில் பொருள்களைப் பார்த்துப் பார்த்துக் கூடையில் போடுவது. வாங்கமாட்டார். போடுவார். கூடையில் நூற்றிருபது பொருள் சேர்ந்திருந்தன: ட்ரில்லிங் மெஷின், மீன் தொட்டி, யாரும் ஏறாத மலைக்கு ஒரு கூடாரம். அந்த மூட்டையின் அடியில், விழுந்த வாரத்தில் யாரோ வற்புறுத்தியதால் போட்டுவைத்த கைத்தடி ஒன்றும் கிடந்தது.

"உங்க கூடை வந்து சேர்ந்தா எங்க கிடங்குல இடம் பத்தாது" என்பாள் அக்கா.

"நீ முதல்ல பச்சைக் கோட்டைப் போடு. அப்புறம் ஒவ்வொண்ணா இறக்கறேன்" என்பார் அவர். தினமும் சாயங்காலம் அவள் கதவைத் திறந்தவுடன் முதல் கேள்வி: "பச்சையா, மஞ்சளா?"

பரிசு மேஜையின் வேலை இதுதான். இடது பக்கம் வாழ்த்துச் சீட்டுகள் அச்சாகிக் கட்டாக வந்து இருக்கும். பொருளை அனுப்புகிறவர் போனில் என்ன எழுதினாரோ அது ஒரு துண்டுக் காகிதத்தில். வலது பக்கம் உருளைகளின் மேல் பெட்டிகள் அதே வரிசையில் வரும். சீட்டின் மூலையில் நான்கு இலக்க எண், பெட்டியின் மேல் அதே நான்கு இலக்க எண். இரண்டையும் ஒத்துப் பார்த்து, சீட்டை உள்ளே வைத்து, வண்ணக் காகிதம் சுற்றி, டேப் ஒட்டி, நாடா கட்டித் தள்ளவேண்டும். சுவரில் ஒட்டியிருந்த விதி அதுதான்.

வரிசைத் தலைவன் இருபத்தாறு வயசுப் பையன். கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டு அலைவதால் அவன் பெயரே ஸ்டாப்வாட்ச் ஆகிவிட்டது. கெட்டவன் இல்லை. அவன் தலைக்கு மேலேயும் யாரோ ஒரு கடிகாரத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆர்டர் மூன்று மடங்கு ஏறிய வாரத்தில் அவன் மேஜை மேஜையாக வந்து குனிந்து சொன்னான்:

"நம்பரை ஒத்துப் பாக்காதீங்கக்கா. சீட்டும் பெட்டியும் ஒரே வரிசையிலதானே வருது? எடுங்க, வைங்க, ஒட்டுங்க. ஒரு பெட்டிக்கு நாலு செகண்டு மிச்சம்."

"சுவத்துல பாக்கணும்னு எழுதியிருக்கே தம்பி?"

"சுவரா வந்து பெட்டி கட்டப்போகுது?"

அக்கா இரண்டு நாள் பிடிவாதமாக ஒத்துப் பார்த்தாள். இரண்டு நாளும் வேகத்தைக் காட்டும் பெரிய திரையில் அவள் மேஜை எண் சிவப்பில் எரிந்தது. மூன்றாம் நாள் அவளும் பார்ப்பதை விட்டாள். எண் பச்சைக்கு மாறியது. ஆறு வாரத்தில் ஒரு தவறுகூட இல்லாத ஒரே மஞ்சள் கோட்டு அவள்தான் என்று ஸ்டாப்வாட்சே ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னான். அன்று அக்காவுக்கு முகமெல்லாம் பல்.

விடுமுறைக்கு நான்கு நாள் இருந்தபோது அது நடந்தது. பதினொன்று பத்துக்கு ஒரு புதுக் கட்டு வந்தது. மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் ஒரு பெட்டியை மட்டும் அவள் ஒரு நொடி நிறுத்திப் பார்த்தாள், ஏனென்றால் உள்ளே இருந்தது செருப்பு. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் மெத்துச் செருப்பு, பெண்கள் அளவு ஏழு, உட்புறம் கம்பளி. பழைய தொழில் விடுமா? தையலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "நல்ல சரக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கையை நீட்டிச் சீட்டை எடுத்தாள். அதில் இருந்ததைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரிக்குச் சத்தமாக வாசித்தாள்:

"'இனிமே அந்தப் பழைய வீட்டுப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதே! ஹா ஹா!'ன்னு எழுதியிருக்கு. யாரோ வீடு மாறியிருக்காங்க போல."

"கூட்டாளிங்களா இருக்கும்" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. சீட்டு உள்ளே போயிற்று. பெட்டி போயிற்று.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கட்டின் கடைசிப் பெட்டி வந்தது. கையை நீட்டினாள். சீட்டு இல்லை.

அச்சு இயந்திரம் விழுங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். மேஜைக்கு அடியில் பார்த்தாள். குப்பைக் கூடையில் பார்த்தாள். வியர்த்தது. கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டாள். டேப் சுருளுக்குப் பின்னால், நீட்டிக்கொண்டிருந்த நுனி எப்போதோ கிழிந்து சுருண்ட ஒரு துண்டில், ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு, கைக்குள் மடங்கிப் பதுங்கியிருந்தது. மூலையில் 4417.

ஒரு சீட்டு அவள் கையில் தங்கிவிட்டது என்றால், அதற்கு அடுத்த சீட்டு அந்தப் பெட்டிக்குள் போயிருக்கிறது. அதற்கு அடுத்தது அடுத்த பெட்டிக்கு. இப்படியே கடைசிவரைக்கும். நாற்பத்திரண்டு பேருக்கு வேறு யாருடைய வார்த்தையோ போகிறது. நாற்பத்து மூன்றாவது ஆளுக்கு ஒன்றுமே இல்லை. ஒரு முறை எண்ணைப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். நாலு செகண்டு.

சீட்டைப் பிரித்துப் படித்தாள்.

"அக்கா, அம்மா போனதுக்கு அப்புறம் நான் பேசினது எல்லாமே தப்பு. இந்த லீவுக்கு நம்ம பழைய வீட்டுக்கு வா. உன் ரூமைப் பெருக்கித் துடைச்சு வெச்சிருக்கேன். அங்கே தரை சில்லுனு இருக்கும், உனக்கு ஆகாது, அதுக்குத்தான் இந்தச் செருப்பு. வரேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லலேன்னா புரிஞ்சுக்கறேன், இனி தொந்தரவு பண்ணமாட்டேன்."

பதினாறு வருஷம் செருப்பு விற்றவளுக்கு ஒன்று தெரியும். செருப்பைப் பரிசாகக் கொடுக்கிறவர்கள் கூடவே ஒரு வார்த்தையும் கொடுத்தாக வேண்டும். வார்த்தை இல்லாமல் வந்த செருப்பு பரிசு இல்லை, அடி. இங்கேயோ வார்த்தை இல்லாமல்கூடப் போகவில்லை. பழைய வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று, சிரிப்பும் சேர்த்துப் போயிருக்கிறது.

ஓடினாள். லாரி வாசலில் ஸ்டாப்வாட்ச் நின்றிருந்தான். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, லாரியை நிறுத்து. நாப்பத்து மூணு பெட்டி மாறிப்போச்சு."

அவன் கேட்டான். சீட்டை வாங்கிப் படிக்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தான். "ரெண்டாயிரம் பெட்டி உள்ளே இருக்கு. நாப்பத்து மூணை எங்கேன்னு தேடறது?"

"பாவம்டா. அக்கா தங்கச்சி விஷயம்."

"வாழ்த்துச் சீட்டு நாம இலவசமாப் போடறதுக்கா. பொருள் சரியாப் போச்சில்லே? யாராவது புகார் சொன்னா ஒரு கூப்பன் குடுப்பாங்க. முக்காவாசிப் பேரு சொல்லவே மாட்டாங்க."

"நம்பரைப் பாக்காதேன்னு நீதானே சொன்னே?"

அவன் முகம் சுண்டிவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தான். "நான் எழுத்துல சொல்லலையேக்கா" என்றான் மெதுவாக. அப்புறம் இன்னும் மெதுவாக, "தவறு அறிக்கைன்னு ஒரு படிவம் இருக்கு. அதை எழுதிக் குடுத்தா ஆபீஸ்லேருந்து அந்த நாப்பத்து மூணு பேருக்கும் சரியான செய்தியைப் போனுக்கு அனுப்பிடுவாங்க. ஆனா படிவத்துல மேஜைக்காரர் பேருதான் இருக்கும். நாளைக்கு மூணு பேரு பட்டியல் வருது. உங்க பேரு இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலே. நீங்களே பாத்துக்குங்க."

லாரி போயிற்று. அக்கா சீட்டை மடித்துக் கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் கணவர் கேள்வியைக் கேட்குமுன்பே அவள் சீட்டை அவர் கையில் கொடுத்தாள். படித்தார். திருப்பிக் கொடுத்தார். "யாரோ யாருக்கோ எழுதினது. ஒரு போன் பண்ணிப் பேசிக்கத் தெரியாதா அவங்களுக்கு? கூடப்பொறந்தவகிட்டே பேசறதுக்கு நடுவுல ஒரு கிடங்கு எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். கேட்டுவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். அவர் வலிக்காகத் தடவினாரா, அவளுக்கு ஞாபகப்படுத்தத் தடவினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் பட்டியல் வந்தது. மூன்று பேரில் இரண்டாவது அவள். கைதட்டினார்கள். பக்கத்து மேஜைக்காரிக்குக் கிடைக்கவில்லை, ஆனாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கடைசி நாளன்று கோட்டு கொடுப்பார்கள் என்றார்கள். அக்கா அன்று முழுவதும் ஒவ்வொரு சீட்டின் எண்ணையும் ஒத்துப் பார்த்தாள். திரையில் அவள் எண் சிவப்பாக எரிந்தும் ஸ்டாப்வாட்ச் ஒன்றும் கேட்கவில்லை. படிவங்கள் அவன் மேஜையில் ஒரு தட்டில் அடுக்கியிருந்தன. மூன்று முறை அந்தப் பக்கம் போனாள். முதல் முறை தண்ணீர் குடிக்க, இரண்டாம் முறை நாடாச் சுருள் வாங்க, மூன்றாம் முறை எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. எடுக்கவில்லை. ஒருவேளை பெட்டி போய்ச் சேர்ந்த அந்த அக்காக்காரிக்கே இது தப்பாக வந்தது என்று தோன்றிவிடாதா, தங்கச்சிக்குப் போன் போட்டு என்னடி இது என்று கேட்டுவிடமாட்டாளா, இப்படி எதையெதையோ தனக்குத் தானே சொல்லிப் பூசி மெழுகினாள். அந்த ஒரு நாளை அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்து நொந்திருக்கிறாள்.

அதற்கு மறுநாள், கோட்டு கொடுக்க ஒரே நாள் இருக்கும்போது, திரும்பி வந்த பொருள்களின் தள்ளுவண்டி பரிசு வரிசையைத் தாண்டிப் போயிற்று. சீசனில் போவது போலவே திரும்பி வருவதும் மலைபோல வரும். வண்டியின் மேலடுக்கில் ஒரு பெட்டி. அரைகுறையாகப் பிரித்த வண்ணக் காகிதம். அந்த நாடா முடிச்சு அவள் போட்டதுதான், ரெட்டைக் கண் முடிச்சு, அந்தக் கிடங்கில் வேறு யாரும் அதைப் போடுவதில்லை. 4417.

வண்டிக்காரரை நிறுத்திப் பெட்டியை எடுத்தாள். செருப்பின் மேல் ஒரு தூசு இல்லை. காலில் போட்டே பார்க்கவில்லை. சீட்டு உள்ளேயே இருந்தது. அதன் பின்பக்கம் பேனாவால், காகிதம் கிழியும்படி அழுத்தி எழுதியிருந்தது: "படுக்கமாட்டேன்டி. வீட்டை நீயே கட்டிக்கிட்டு அழு. செருப்பு எனக்கு வேண்டாம், உனக்கே தேவைப்படும்."

அந்த அக்காக்காரிக்கு இந்தப் பெட்டி திரும்பிப் போவது தங்கச்சி கைக்கு என்று நினைப்பு. அது கிடங்குக்குத்தான் வரும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அக்கா நேராக ஸ்டாப்வாட்ச் மேஜைக்குப் போய்ப் படிவத்தை எடுத்து, நின்றபடியே எழுதினாள். மேஜை எண், நேரம், பெட்டிகள் நாற்பத்து மூன்று. "எண்ணை ஏன் ஒத்துப் பார்க்கவில்லை?" என்று ஒரு கேள்வி இருந்தது. ஸ்டாப்வாட்ச் பக்கத்தில் வந்து நின்றான். அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவள் "பார்க்கவில்லை" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? ஒரு நாள்தானே பாக்கி?" என்றான் அவன்.

"இதை ஏத்துப்பா, சீக்கிரம்."

ஏற்றினான். ஒரு நிமிஷத்தில் திரையில் பதில் வந்தது. நாற்பத்திரண்டு செய்திகள் அனுப்பப்பட்டன. ஒன்றுக்கு எதிரே மட்டும் 'ஆர்டர் மூடப்பட்டது' என்று இருந்தது. பொருள் திரும்பி வந்துவிட்டால் அந்தக் கணக்கை இயந்திரம் மூடிவிடுமாம், அதன் பிறகு அந்த ஆளுக்கு எதுவும் அனுப்பாதாம். எந்த ஒன்றுக்காகப் பேனாவைத் தொட்டாளோ அந்த ஒன்று மட்டும் போகவில்லை.

"பொருள் அனுப்பின தங்கச்சிக்கு?"

"திரும்பி வந்துடுச்சுன்னு தகவல் போயிருக்கும்" என்றான் அவன்.

மத்தியானமே பட்டியலில் அவள் பெயர் மேல் கோடு விழுந்தது. ஆபீஸிலிருந்து வந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், நாளை முதல் வரவேண்டாம் என்று. அக்கா மஞ்சள் கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். டேப் சுருளைக் கழற்ற மறந்துவிட்டாள். திரும்பி வந்த பெட்டியின் மேலிருந்த முகவரியை முன்பே படித்து வைத்திருந்தாள். வாடிக்கையாளர் முகவரியைப் பார்த்துப் போவது குற்றம் என்று சுவரில் அதையும்தான் எழுதியிருந்தார்கள். சுவர் சொன்னபடி கேட்கவேண்டிய காலம் முடிந்துவிட்டது.

நான்காவது மாடி. லிப்ட் இல்லை. கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். அக்காவின் கண் தானாகவே கீழே போயிற்று. வெறுங்கால். அளவு ஏழு.

"நான் பெட்டி கட்டற இடத்துலேருந்து வரேன். உங்க தங்கச்சி எழுதின சீட்டு இதுதான். அன்னைக்கு வந்தது வேற யாரோடதோ. என் கையில ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு. தப்பு என்னோடது."

அந்தப் பெண் வாசலில் நின்றபடியே படித்தாள். திரும்பவும் படித்தாள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சும்மா இல்லையேம்மா" என்றாள். "பெட்டி வந்த அன்னைக்குச் சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டேன். 'செருப்பா அனுப்பறே நீ?'ன்னு ஆரம்பிச்சு, பேசக்கூடாததெல்லாம் பேசிட்டேன். அவ புள்ளை இல்லாம இருக்கறதைக்கூட விடலே. அவ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலே. கேட்டுக்கிட்டே இருந்துட்டு வெச்சுட்டா."

மறுநாள் அக்கா மூன்று முறை படிவத் தட்டுப் பக்கம் போனாளே, அதில் முதல் முறையே எடுத்திருந்தால்கூட நேரமாகியிருக்கும். லாரி வாசலிலேயே எழுதியிருந்தால் ஆகியிருக்காது.

"இப்போ போடுங்கம்மா" என்றாள்.

"என் நம்பரை எடுக்கமாட்டா. நேத்திலேருந்து அவ மத்த யாருக்கும்கூட எடுக்கலேன்னு சொன்னாங்க." பெண் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க போன்லேருந்து போடறீங்களா?"

அவள் சொன்ன எண்ணை அக்கா அழுத்தினாள். ஆறாவது மணியில் எடுத்தார்கள். "யாரு?" என்றது ஒரு களைத்த குரல்.

"உங்க அக்கா வீட்டுலேருந்து பேசறேன். உங்க சீட்டு இப்பத்தான் அவங்க கைக்கு வந்தது."

"அவளையே சொல்லச் சொல்லுங்க" என்றது குரல்.

அந்தப் பெண் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து பேச்சு கேட்டது, அப்புறம் அழுகை, அப்புறம் கோபமாக ஏதோ, அப்புறம் ஒன்றுமே இல்லை. எது யாருக்கு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கால்மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"வரட்டுமான்னு கேட்டேன். வான்னு சொல்லலே. வராதேன்னும் சொல்லலே" என்றாள் அந்தப் பெண். போனைக் கொடுத்தாள். நன்றி சொல்லவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை. "நீங்க கிளம்புங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். சீட்டு அவள் கையிலேயே இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது கணவர் நாற்காலியில் இருந்தார்.

"பச்சையா, மஞ்சளா?"

"ரெண்டும் இல்லே" என்றாள். உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கடைசியில்தான் வெடித்தார்.

"அப்போ என் காலைவிட எவளோ ஒருத்தியோட செருப்பு உனக்குப் பெரிசாப் போச்சு?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றாலும் பொய். உள்ளே போய் முகம் கழுவும்போதுதான் மணிக்கட்டில் டேப் சுருள் இன்னும் இருப்பதைப் பார்த்தாள். கழற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். அழுதாள். சத்தம் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டிருந்தார். ட்ரில்லிங் மெஷின் போயிற்று, மீன் தொட்டி போயிற்று, கூடாரம் போயிற்று. அடியில் போய் நின்றது விரல். அவள் எட்டிப் பார்த்தாள். பழுப்பு நிறக் கைத்தடி, ரப்பர் அடி.

"விடுங்க" என்றாள். "வேற எங்கேயாவது வேலை கிடைக்கும். ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

"பண்ணிக்கலாம்" என்றார் அவர். கோபம் போய்விட்டிருந்தது. அது போனதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. "அதுவரைக்கும் சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு, பெயிண்டெல்லாம் போச்சு பாரு."

அமுக்கினார். நூற்றிருபதில் ஒன்று குறைந்தது. திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார்.

"பரிசா அனுப்பணுமான்னு கேக்குது. ஏதாவது எழுதணுமாம்."

"ஒண்ணும் வேண்டாம். எழுதாதீங்க."

அவர் அடுத்ததை அமுக்கிவிட்டுப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கே வந்துடுமாம்" என்றார்.